கிளார்க்சன் பண்ணையும் கவுன்சில் சண்டையும்: டிவியில் பார்த்தது எவ்வளவு நிஜம்?

களத்துமேடு:
மக்களே, அமேசான் பிரைம்ல ‘கிளார்க்சன்ஸ் ஃபார்ம்’ நாலு சீசனும் பார்த்து முடிச்சாச்சு. தெரியாதவங்களுக்காக: கார் நிகழ்ச்சி நடத்திக்கிட்டிருந்த ஜெரமி கிளார்க்சன், இங்கிலாந்து ஆக்ஸ்போர்ட்ஷர்ல சிப்பிங் நார்ட்டன் பக்கம் சுமார் ஆயிரம் ஏக்கர் வச்சிருக்கார். நிலத்தைப் பார்த்துக்கிட்டிருந்தவர் 2019ல ஓய்வு பெற்றதும், தானே டிராக்டர் ஓட்டுறேன்னு இறங்கி வாங்கிக் கட்டிக்கிறதுதான் கதை. 2021ல வந்த முதல் சீசன் முடிவுல கணக்குப் பார்த்தா அந்த வருஷ லாபம் 144 பவுண்டு!

என் கோபமெல்லாம் ரெண்டாவது சீசன்ல வர்ற வெஸ்ட் ஆக்ஸ்போர்ட்ஷர் மாவட்டக் கவுன்சில் மேல. சொந்த நிலம், சொந்தக் கொட்டகை, சொந்த மாடு. அதைச் சமைச்சு விக்க ஒரு ஓட்டல் கேட்டா முடியாதுன்னுட்டாங்க. பக்கத்துப் பண்ணைக்காரங்க பாலும் கறியும் அதே ஓட்டலுக்குப் போயிருக்கும். கூரை சரியில்ல, கார் நிறுத்தம் சரியில்ல, இது சரியில்ல, அது சரியில்ல. அங்க இருக்கிறவங்க சொல்லுங்க, நிஜமாவே இவ்வளவு வீம்பா?

பச்சைத்துண்டு:
இதுல கேள்வி வேறயா? கோதுமைக்கு விலை வைக்கிறது வியாபாரி, உரத்துக்கு விலை வைக்கிறது கம்பெனி, மழைக்கு விலை வைக்கிறது கடவுள். மதிப்புக்கூட்டி நேரா விக்கிற ஒரு வழிதான் மிச்சம். பிரிட்டன்ல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததும் பழைய ஏக்கர் கணக்கு மானியத்தை 2021லேர்ந்து படிப்படியா வெட்டிட்டாங்க. அதுக்குப் பதிலா கொண்டு வந்த திட்டத்துக்கும் 2025 மார்ச் 11ஆம் தேதி திடீர்னு புது விண்ணப்பம் கிடையாதுன்னு கதவை மூடினாங்க. ‘விவசாயத்தை மட்டும் நம்பாதே, வேற வருமானம் தேடு’ன்னு அரசாங்கம் சொல்லுது. தேடிப் போனா கவுன்சில் வாசல்ல நிறுத்துது. கிளார்க்சன் பெரிய ஆள், வக்கீல் வச்சுப் போராடுவார். நூறு ஏக்கர்க்காரன் என்ன செய்வான்?

வரைபடக்காரன்:
களத்துமேடு, நான் இங்கிலாந்துல வேற ஒரு கவுண்டியில திட்ட அனுமதிப் பிரிவுல பல வருஷம் வேலை பார்த்தவன். அந்தக் கவுன்சிலுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. ஆனா நிகழ்ச்சி பார்க்கும்போது பல இடத்துல டிவியை நிறுத்திட்டு வீட்டு ஆளுங்களுக்கு வகுப்பு எடுத்தேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

1947ல வந்த சட்டத்துக்குப் பிறகு இங்க நிலம் உங்களுதா இருந்தாலும் அதுல என்ன கட்டலாம், எதுக்குப் பயன்படுத்தலாம்ங்கிற உரிமை தானா வந்துடாது. கேட்டுத்தான் வாங்கணும். விவசாயத்துக்கு மட்டும் பெரிய விலக்கு இருக்கு. உழலாம், விதைக்கலாம், காட்டுல ஆடு விடலாம், யாரையும் கேக்க வேண்டாம். அஞ்சு ஹெக்டேருக்கு மேல பண்ணை இருந்தா ஆயிரத்து ஐநூறு சதுர மீட்டர் வரை விவசாயக் கொட்டகை கட்டக்கூட முழு அனுமதி வேண்டாம், முன்னறிவிப்பு கொடுத்தாப் போதும். இந்தச் சுதந்திரத்துலயே வளர்ந்த பண்ணைக்காரருக்கு, அதே கொட்டகையில நாலு மேசை போட்டதும் கவுன்சில்லேர்ந்து கடிதம் வந்தா எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனா சட்டத்தின் கண்ணுல அது இப்ப கொட்டகை இல்ல, ஓட்டல். பயன்பாடு மாறிடுச்சு.

அடுத்து, அந்த இடம் காட்ஸ்வோல்ட்ஸ். 1966லேர்ந்தே இயற்கை எழில் பகுதின்னு பாதுகாக்கப்பட்ட நிலம், அந்த வகையில இங்கிலாந்துலயே பெருசு. தேசியத் திட்டக் கொள்கை ஒரு பத்தியில ‘கிராமப் பொருளாதாரத்தை வளர விடு’ங்குது, இன்னொரு பத்தியில ‘இந்த மாதிரிப் பகுதியின் அழகுக்குப் பெரும் மதிப்புக் கொடு’ங்குது. ரெண்டுக்கும் நடுவுல அதிகாரி உக்காந்திருக்கார். எதை எழுதினாலும் ஒருத்தர் திட்டுவார்.

நடந்ததை வரிசையா சொல்றேன், ஏன்னா டிவி அதைக் கலைச்சுப் போட்டிருக்கு. 2020 பிப்ரவரியில பண்ணைக் கடை திறந்தது. அதுக்கு அனுமதி கொடுத்ததும் இதே கவுன்சில்தான். 2022 ஜனவரியில, ஆட்டுக்குட்டிக் கொட்டகையை ஓட்டலா மாத்துற விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அளவு, அமைவிடம், நிலக்காட்சி, இதுதான் காரணம். அந்தக் கோடையில, இருக்கிற சட்டத்துலயே ஒரு சந்து கண்டுபிடிச்சு வேற கொட்டகையில ஓட்டல் திறந்தாங்க. ஆகஸ்ட்ல கவுன்சில் அதை மூடச் சொல்லி அமலாக்க நோட்டீஸ் கொடுத்தது. மேல்முறையீடு போய் 2023 மார்ச்ல விசாரணை, ஜூன்ல தீர்ப்பு: கார் நிறுத்தத்தைப் பெருசாக்கிக்கலாம், அதுவும் மூணு வருஷத்துக்கு, ஓட்டல் கிடையாது. இதைச் சொன்னது கவுன்சில் இல்ல, அவங்களுக்கு மேல இருக்கிற திட்ட ஆய்வாளர்.

எல்லாரும் மறக்கிற ஒண்ணு இருக்கு. அனுமதி நிலத்துக்குத்தான் கிடைக்குது, ஆளுக்கு இல்ல. கிளார்க்சன் நல்லவர், உள்ளூர் மாட்டுக்கறிதான் விப்பார், எல்லாம் சரி. நாளைக்கு அவர் வித்துட்டா, மலை உச்சியில இருக்கிற அந்த ஓட்டலுக்கான அனுமதி, நிலத்தை வாங்கினவர் கைக்குப் போயிடும். அதிகாரி அந்த முகம் தெரியாத ஆளையும் சேர்த்து நினைச்சுத்தான் முடிவெடுக்கணும்.

பச்சைத்துண்டு:
சார், இந்த ‘நிலத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல’ங்கிறது கேக்க நல்லாயிருக்கு. விவசாயி கடன்லயும் மழையிலயும் சாகுறது ஆளாத்தானே?

விட்னி_அக்கா:
தம்பிமார், நான் ஆக்ஸ்போர்ட்ஷரில விட்னிப் பக்கம் இருக்கிறன். கன காலம். நிகழ்ச்சி எனக்கும் விருப்பம்தான், கிளார்க்சனோட பண்ணையில வேலை செய்யிற கேலப் பொடியன் வாயத் திறந்தாலே சிரிப்பு வரும். ஆனா ரோட்டில நிண்டு பாத்தவைக்குத்தான் இது விளங்கும்.

சிப்பிங் நார்ட்டனுக்கும் சாட்லிங்டனுக்கும் இடையில போற அந்த ரோட்டு, ரெண்டு லொறி எதிரெதிரா வந்தா ஒண்டு புல்லில ஏற வேணும். 2021 ஜூனில நிகழ்ச்சி வந்த பிறகு லிவர்பூல், கார்டிஃப் எண்டு எங்கயெல்லாமோ இருந்து கார் வரத் தொடங்கிச்சு. ஒரு போத்தல் பாலும் ஒரு டி-ஷர்ட்டும் வாங்க மணித்தியாலக் கணக்கில வரிசை. ரோட்டுக் கரையெல்லாம் கார். அந்த நேரம் ஆம்புலன்ஸ் வந்தா என்ன செய்யிறது? அதோட ரோட்டுக்குப் பொறுப்பு மாவட்டக் கவுன்சில் இல்லை, முழு ஆக்ஸ்போர்ட்ஷருக்கும் உரிய கவுண்டி கவுன்சில். சனம் ரெண்டு பேரையும் குழப்பி, கிடைக்கிற ஆளுக்குப் பேச்சுக் குடுக்கும்.

ஊருக்குள்ள ஒரே கருத்தும் இல்லை. 2021 செப்டம்பரில சாட்லிங்டன் மண்டபத்தில கிளார்க்சனே ஒரு கூட்டம் வச்சவர். ஆதரிச்சவையும் கனபேர். விடுதி வச்சிருக்கிறவை, சின்னக் கடைக்காரர், தோட்டத்துச் சாமான் குடுக்கிறவை எல்லாருக்கும் வியாபாரம் கூடினது. எதிர்த்ததெல்லாம் லண்டன் காசோட வந்து குந்தியிருக்கிற கிழடுகள் எண்டு டிவியில ஒரு தோற்றம் வருது. அப்பிடியும் சிலர் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அந்த ரோட்டால பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போற தாய்மாரும் எழுதிக் குடுத்தவை. அவையள் ஒருத்தரும் கமராவுக்கு முன்னால வரேல்ல, அவ்வளவுதான்.

ஆட்டுமந்தை:
144 பவுண்டுன்னு எல்லாரும் கண்ணீர் விடுறீங்க. அமேசான் கொடுத்த பணம் அந்தக் கணக்குல இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? அவர் நிலம் வாங்கினது 2008ல. நிலத்துல பணம் போட்டா வாரிசு வரி இல்லைன்னு அவரே முன்னாடி சொன்னவர். 2024 அக்டோபர் பட்ஜெட்ல அந்தச் சலுகையை வெட்டப்போறதா அறிவிச்சதும் நவம்பர்ல லண்டன் வீதியில விவசாயிகள் ஊர்வலத்துல வந்து நின்னார்.

இன்னொண்ணு. ‘இடதுசாரிக் கவுன்சில் பழிவாங்குது’ன்னு யூடியூப்ல ஒரு கூட்டம் கத்துது. 2022 ஜனவரியில ஓட்டலை நிராகரிச்சப்ப அந்தக் கவுன்சில் கன்சர்வேடிவ் கட்சி கையில இருந்தது. அவங்க பெரும்பான்மை போனதே அந்த வருஷம் மே மாசத் தேர்தல்லதான்.

பச்சைத்துண்டு:
வாரிசு வரி அவர் சொந்தக் கணக்கு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா அவர் இல்லைன்னா நீங்களும் நானும் ஆக்ஸ்போர்ட்ஷர் கவுன்சிலைப் பத்தி இன்னிக்கு இங்க பேசிக்கிட்டு இருப்போமா? மாட்டுக்குக் காசநோய் வந்தா பக்கத்துப் பண்ணை என்ன ஆகுதுன்னு நகரத்துல இருக்கிறவன் முதல் தடவை பார்த்தது இந்த நிகழ்ச்சியில. கடைசியில சட்டத்தையே மாத்தினாங்களே, ‘கிளார்க்சன் விதி’ன்னு பத்திரிகையெல்லாம் எழுதுச்சே!

சிறுமலை_வாசி:
நம்ம பக்கம் நஞ்சை நிலத்துல ஓட்டல் கட்டணும்னா கலெக்டர் ஆபீஸ், டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை), தாசில்தார்னு அலையணும். நம்ம 1971 நகர் ஊரமைப்புச் சட்டமே வெள்ளைக்காரன் சட்டத்தைப் பார்த்து எழுதினதுதானே? அப்ப அவனும் அலையட்டும் 😀

நெறியாளர்:
சிறுமலை, நல்ல விஷயம். ஆனா இங்க ஆரம்பிச்சா இழை நூறு பக்கம் போகும். தமிழ்நாட்டு நில வகைமாற்றத்துக்குத் தனி இழை இருக்கு, அங்க தொடருங்க.

வரைபடக்காரன்:
பச்சைத்துண்டு சொன்ன ‘கிளார்க்சன் விதி’க்கு வர்றேன். அதைப் பத்தி நிறையத் தப்பான நம்பிக்கை சுத்துது.

2024 மே 21லேர்ந்து நடைமுறை. முழு அனுமதி இல்லாமலே விவசாயக் கட்டடத்தைக் கடை, ஓட்டல், அலுவலகம் மாதிரி வணிகப் பயன்பாட்டுக்கு மாத்துற வழி முன்னாடியே இருந்தது, 500 சதுர மீட்டர் வரைக்கும். அதை 1,000 ஆக்கினாங்க. கொட்டகையை வீடாக்குற வழியில அஞ்சு வீடு இருந்ததைப் பத்தாக்கினாங்க. நல்ல மாற்றம்தான்.

ஆனா வீடாக்குற அந்த வழி காட்ஸ்வோல்ட்ஸ் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குக் கிடையாது. சட்டம் யார் பேரால புகழ் வாங்கிச்சோ அவர் பண்ணை இருக்கிற இடத்துலயே பாதி செல்லாது. வணிகப் பயன்பாட்டு வழியும் கட்டடத்தின் பயன்பாட்டைத்தான் மாத்துது. வெளியில கார் நிறுத்தப் புல்வெளியில சரளை கொட்டுறது, கழிப்பறை கட்டுறது, புகைபோக்கி வைக்கிறது, இதுக்கெல்லாம் தனி அனுமதி வேணும். அமலாக்க நோட்டீஸ் சண்டையில பாதி இந்த ‘வெளி’ சமாச்சாரம்தான். தட்டுல என்ன இருக்குங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

புதுசாக் கட்டின கொட்டகைக்கும் இது பொருந்தாது, பல வருஷம் விவசாயத்துக்குப் பயன்பட்டிருக்கணும். ஏன் இப்படி ஒரு நிபந்தனைன்னா, கட்டும்போது ‘ஆட்டுக்கு’ன்னு சொல்லிச் சலுகையில கட்டுறது, அடுத்த வருஷம் ஆட்டை வெளியேத்திட்டு நாற்காலி போடுறது. இதை நாங்க எத்தனை தடவை பார்த்திருக்கோம் தெரியுமா? விண்ணப்பத்துல ‘வைக்கோல் கிடங்கு’ன்னு இருக்கும். வரைபடத்துல ஜன்னல் வரவேற்பறை அளவுக்கு இருக்கும், காட்சி தெரியுற பக்கமாப் பார்த்து. வைக்கோலுக்கு எதுக்குங்க சூரிய அஸ்தமனம்?

சர்ரே கவுண்டியில ஒரு பண்ணைக்காரர் இன்னும் ஒரு படி மேல போனார். வைக்கோல் கட்டுகளைச் சுவர் மாதிரி அடுக்கி, அதுக்குப் பின்னால கோபுரத்தோட கோட்டை மாதிரி ஒரு வீடே கட்டிக் குடும்பத்தோட குடியிருந்தார். நாலு வருஷம் யாரும் கேக்கலைன்னா வீட்டை இடிக்கச் சொல்ல முடியாதுன்னு அப்ப விதி. 2006ல வைக்கோலை எடுத்துட்டு ‘இதோ என் வீடு’ன்னார். மறைச்சு வச்ச காலம் கணக்குல வராதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. பத்து வருஷம் இழுத்து 2016ல இடிச்சாங்க. அந்த நாலு வருஷ விதியே இப்ப இங்கிலாந்துல கிடையாது, 2024 ஏப்ரல்லேர்ந்து எல்லாத்துக்கும் பத்து வருஷம். ஒரு கொட்டகை விண்ணப்பம் மேசைக்கு வரும்போது அதிகாரி முகம் ஏன் சுருங்குதுன்னா, அவர் மனசுல இந்தக் கோட்டைதான் நிக்குது.

களத்துமேடு:
கோட்டைக் கதை செம. ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. ஒழுங்கா நடத்துற ஒரு பண்ணைக்காரர் ஒரு சின்னக் கடை, ஒரு டீக்கடை வைக்க முடியுமா, முடியாதா?

வரைபடக்காரன்:
முடியும். இங்கிலாந்துல எந்தப் பக்கம் கார் ஓட்டினாலும் பண்ணைக் கடைப் பலகை பார்க்கலாம். சொந்த விளைச்சலை மட்டும் பண்ணை வாசல்ல விக்கிறதுக்குப் பல நேரம் தனி அனுமதியே தேவைப்படாது. அக்கம்பக்கத்துச் சரக்கும் வச்சுக் கூட ரெண்டு மேசை போட்டா விண்ணப்பம் போடணும். பெரும்பாலும் கிடைக்கும், நிபந்தனையோட: எந்தச் சரக்கு, எத்தனை மணி வரை, எத்தனை கார்.

கிளார்க்சன் விஷயத்துல விண்ணப்பத்துல எழுதியிருந்த பண்ணைக்கும் வாசல்ல வந்து நின்ன பண்ணைக்கும் பொருத்தமே இல்லாமப் போச்சு. மக்கள் வந்தது உருளைக்கிழங்குக்கு இல்ல. அவங்க வந்தது ஒரு படப்பிடிப்புத் தளத்தைப் பார்க்க. அங்க அதிகமா விளைஞ்ச பயிர் அந்த நிகழ்ச்சிதான், அதுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் கிடையாது. நான் அந்த மேசையில இருந்திருந்தாலும் திணறியிருப்பேன். ஒரு பண்ணைக் கடைக்கு எத்தனை கார் வரும்னு கணக்குப் போட முறை இருக்கு. உலகம் பூரா ஓடுற ஒரு தொடர் எத்தனை காரை இழுக்கும், எத்தனை வருஷம் இழுக்கும்னு யாருக்குத் தெரியும்?

அந்த மூணு வருஷத் தற்காலிக அனுமதியை நான் அப்படித்தான் படிக்கிறேன். கூட்டம் நிரந்தரமா, நிகழ்ச்சி ஓடுற வரைக்குமான்னு தெரியல. இருக்கிற காரை ரோட்டுல நிறுத்துறதை விட வயல்ல நிறுத்துறது மேல். டிவியில இது கவுன்சிலுக்குத் தோல்வி மாதிரி வந்தது, பத்திரிகையில கிளார்க்சனுக்குத் தோல்வி மாதிரி வந்தது. எனக்கு என்னவோ இந்த முழுக் கதையிலயும் நிதானமா நடந்த ஒரே காரியம் அதுதான்னு தோணுது.

ஆட்டுமந்தை:
சரியாச் சொன்னீங்க. இது புதுசும் இல்ல. பிபிசியில 2004ல ‘ஜிம்மீஸ் ஃபார்ம்’னு வந்தது, ஜிம்மி டோஹர்ட்டி சஃபோக்ல பன்னி வளர்க்க ஆரம்பிச்ச கதை. டிவி பார்த்துட்டு ஜனம் வந்தது, கடை வந்தது, அப்புறம் விலங்குப் பூங்கா வந்தது. 2023லேர்ந்து அங்க பனிக்கரடி இருக்கு. பன்னிப் பண்ணையில பனிக்கரடி!

பச்சைத்துண்டு:
வரைபடக்காரன் சார், உங்க நியாயம் எனக்குப் புரியுது, ஆனா ஒத்துக்கல. பேர் இல்லாத பண்ணைக்காரனுக்கு ‘பெரும்பாலும் கிடைக்கும்’ங்கிறீங்க. எத்தனை மாசத்துல? என்ன செலவுல?

வரைபடக்காரன்:
அதுல நீங்க சொல்றதுதான் சரி. சட்டப்படி சின்ன விண்ணப்பத்துக்கு எட்டு வாரம், பெருசுக்கு பதிமூணு. நடைமுறையில ‘கொஞ்சம் அவகாசம் நீட்டிக்கச் சம்மதிங்க’ன்னு ஒரு மின்னஞ்சல் வரும். நாங்களே அனுப்புவோம், ஆள் இல்ல. அதுக்குள்ள போக்குவரத்து அறிக்கை, வௌவால் இருக்கான்னு ஆய்வு, நிலக்காட்சி மதிப்பீடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிபுணர், ஒவ்வொரு நிபுணருக்கும் ஒரு பில். வௌவால் ஆய்வுக்குப் பருவம் வேற உண்டு, தவற விட்டா அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்கணும். கிளார்க்சனுக்கு சார்லி அயர்லாண்ட் மாதிரி நில ஆலோசகர் கூடவே இருக்கார். நூறு ஏக்கர்க்காரர் ராத்திரி சாப்பிட்டுட்டு அடுக்களை மேசையில உக்காந்து தானே படிவம் நிரப்புவார், செக்கு தப்பா எழுதினா திரும்பி வரும். நிகழ்ச்சி இதைக் காட்டியிருந்தா நான் எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன். அது என்ன செய்ய, அலுவலகத்துல ஆள் பத்தாம கோப்பு தேங்கிக் கிடக்கிறது நகைச்சுவைக்கு உதவாது. கவுன்சிலர்தான் உதவுவார்.

விட்னி_அக்கா:
ஓட்டல் கதை முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. பேர்ஃபர்ட் பக்கம் ஆஸ்தாலில ‘தி விண்ட்மில்’ எண்டு ஒரு பழைய பப் இருந்தது. அதை வாங்கி ‘தி ஃபார்மர்ஸ் டாக்’ எண்டு பேர் மாத்தி 2024 ஆகஸ்ட் 23ஆம் திகதி திறந்தவர். ஏற்கெனவே பப் எண்டபடியால் பப் நடத்த ஒருத்தரிட்டையும் புது அனுமதி கேக்கத் தேவையில்லை. பண்ணைக்காரரிட்ட மாட்டிறைச்சியும் போகுது, சனமும் சாப்பிடுது, ஏ40 பெரிய ரோட்டும் கிட்ட. இதை முதலே செய்திருக்கலாமே எண்டு என்ர மனிசன் கேட்டவர். முதலே செய்திருந்தா ரெண்டாவது சீசன் எங்க?

அங்கயும் திறந்த நேரம் வாகன நெரிசல்தான். எல்லாம் பிரிட்டனில விளைஞ்சதாத்தான் இருக்க வேணும் எண்டு கொள்கை, அதால திறந்தபோது கோப்பி இல்லை, கொக்கா கோலா இல்லை. சாப்பிட்டு முடிய ஒரு கோப்பி இல்லாம எழும்பிறது எனக்கு ஒத்துவராது, நான் போகேல்ல.

களத்துமேடு:
காபி இல்லாத ஓட்டலுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். சரி, ஒரு சந்தேகம். கார் நிறுத்தத்துக்கு 2023 ஜூன்ல மூணு வருஷம் கொடுத்தாங்கன்னா, 2026 ஜூன்ல முடியுதே. அப்புறம்?

வரைபடக்காரன்:
அனுமதியோட கடிகாரம் எந்தத் தேதியில ஓட ஆரம்பிச்சதுன்னு முடிவு ஆவணத்துல பார்க்கணும். பொதுவா, முடியுறதுக்குள்ள நிரந்தரமாக்கச் சொல்லி விண்ணப்பம் போடுவாங்க. தற்காலிக அனுமதியை ரெண்டாவது தடவையும் தற்காலிகமாவே கொடுக்கிறது அபூர்வம்னு அரசு வழிகாட்டியே சொல்லுது, அதனால ஆமாவா இல்லையான்னு கவுன்சில் வாயைத் திறந்தே ஆகணும். இந்தத் தடவை கையில கணக்கு இருக்கும், எத்தனை கார் வந்தது, எத்தனை குறைஞ்சதுன்னு. அதைப் படிக்க எனக்கு ஆசை, வேற யாருக்கும் இருக்காது.

விட்னி_அக்கா:
எனக்கு இருக்கு. விண்ணப்பம் வந்தா கவுன்சில் வலைத்தளத்தில எல்லாரும் பாக்கலாம், 21 நாளைக்குள்ள கருத்தும் எழுதலாம், ஆதரவாவும் எழுதலாம், எதிராவும் எழுதலாம். பச்சைத்துண்டு தம்பி, நீங்களும் எழுதுங்கோ.

பச்சைத்துண்டு:
எழுதுறேன் அக்கா. தமிழ்ல எழுதினா ஏத்துக்குவாங்களா?

வரைபடக்காரன்:
மொழிபெயர்க்க ஆள் தேடி இன்னும் எட்டு வாரம் நீட்டிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும்.